பழைய டெபியனில் புதிய மென்பொருள்: பேக்போர்ட் என்றால் என்ன, எப்படிச் செய்வது

லினக்ஸ் வழங்கலான டெபியன் 12-இல் டிமக்ஸ் (ஒரே முனையத்தைப் பல சாளரங்களாகப் பிரிக்கும் நிரல்) நிறுவினால் 3.3ஏ பதிப்பு வரும். டெபியன் 13-இல் அதே டிமக்ஸ் 3.5ஏ. புதியதுதான் வேண்டும் என்று 13-க்கான டெப் கோப்பை, அதாவது நிறுவத் தயாரான பேக்கேஜை, பதிவிறக்கி 12-இல் நிறுவிப் பார்த்தால் நடக்காது. லிப்சி6 (ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் சி மொழி லைப்ரரியான ஜிலிப்சியின் பேக்கேஜ்) 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும், இங்கே 2.36தான் இருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். வற்புறுத்தித் திணித்தாலும் டிமக்ஸ் ஓடாது, 'ஜிலிப்சி_2.38 கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரிப் பிழையோடு விழும்.

வேடிக்கை என்னவென்றால், டிமக்ஸ் 3.5ஏ-இன் மூல நிரலுக்கு ஜிலிப்சி 2.38 தேவையே இல்லை. அதே நிரலை டெபியன் 12-க்குள் வைத்துக் கம்பைல் செய்தால் 2.36-ஐக் கொண்டே ஒழுங்காக ஓடும். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்? சி மொழியின் புதிய தரமான சி23, '0பி' என்று தொடங்கும் இரும எண்களையும் படிக்கச் சொல்கிறது. அதற்காக ஜிலிப்சி 2.38-இல் 'எஸ்டிஆர்டோல்', 'எஸ்ஸ்கான்எஃப்' போன்ற பழைய செயற்கூறுகளுக்குப் புதிய உள்பெயர் கொடுத்தார்கள். புதிய ஜிலிப்சி உள்ள கணினியில் கம்பைல் செய்தால், நிரல் எழுதியவருக்குத் தெரியாமலேயே அந்தப் புதிய உள்பெயர் பைனரிக்குள் (கம்பைல் ஆகி வரும் இயங்கு கோப்பு) பதிந்துவிடும். பழைய கணினியில் அந்தப் பெயர் கிடையாது. ஆக, தடை மூல நிரலில் இல்லை. அது எங்கே பில்ட் ஆனது என்பதில் இருக்கிறது.

பேக்போர்ட்டின் அடிப்படை இதுதான். புதிய வெளியீட்டின் மூலப் பேக்கேஜை எடுத்துவந்து, பழைய வெளியீட்டின் கம்பைலரையும் லைப்ரரிகளையும் வைத்து மறுபடி பில்ட் செய்கிறோம். பைனரியைத் தூக்கி வருவது பேக்போர்ட் ஆகாது.

ஒரு சின்னக் குறிப்பு: இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறோம். முனையத்தில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

ஒரே சொல், இரண்டு வேலை

பேக்போர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் எதைச் சொல்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்னது முழுப் பேக்கேஜையே கீழே இறக்குவது. இன்னொன்று, புதிய பதிப்பில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் கத்தரித்து எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவது. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் எல்லாமே இந்த இரண்டாவது வேலையைத்தான் அன்றாடம் செய்கின்றன.

2024 ஜூலை 1 அன்று தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் சிவிஇ-2024-6387 என்ற அடையாள எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டை வெளியானது. 'ரெக்ரெஷன்' என்ற சொல்லையும் எஸ்எஸ்ஹெச்சையும் கோத்து அதற்கு ஒரு செல்லப்பெயரும் வைத்தார்கள். 8.5பி1 முதல் 9.7பி1 வரை பாதிப்பு, 9.8பி1-இல் சரி செய்யப்பட்டது. டெபியன் 12-இல் இருந்ததோ 9.2பி1. டெபியன் ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8-க்குத் தாவவில்லை. திருத்தத்தை மட்டும் 9.2-க்குள் கொண்டுவந்து 9.2பி1-2+டெப்12யூ3 என்று வெளியிட்டது. பதிப்பு எண் அப்படியே. வாலில் உள்ள 'டெப்12யூ' எண் மட்டும் கூடியது.

பாதுகாப்பு ஸ்கேனர்கள் சில '9.2' என்பதை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் சர்வர் ஓட்டை என்று சிவப்பு அறிக்கை கொடுக்கும். அதைப் பார்த்துப் பதறி, எங்கிருந்தோ 9.8-ஐக் கம்பைல் செய்து போட்டவர்கள் சர்வரை முன்பிருந்ததைவிட மோசமாக்கியிருக்கிறார்கள்: டெபியனின் பாதுகாப்புக் குழு அனுப்பும் அடுத்த திருத்தம் அந்தக் கைவேலைக்கு வந்து சேராது. சரிபார்க்க, டெபியனின் பேக்கேஜ் மேலாளரான ஆப்டிடம் 'ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்' என்று கேட்டு, அதில் சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடினால் போதும். டெபியனின் செக்யூரிட்டி டிராக்கர் பக்கத்திலும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் எந்த எண்ணில் ஓட்டை அடைபட்டது என்று தனித்தனியாக இருக்கும்.

ஓட்டையை அடைப்பதுதான் நோக்கம் என்றால் நீங்கள் செய்ய வேண்டியது 'ஆப்ட் அப்கிரேட்' மட்டுமே. இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாது. புதிய வசதி வேண்டும், புதிய கோப்பு வடிவம் திறக்க வேண்டும், புதிய வன்பொருள் ஓட வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

பில்டுக்கு முன்: இருக்கிறதா பாருங்கள்

டெபியனுக்கு அதிகாரபூர்வமான பேக்போர்ட்ஸ் களஞ்சியம் உண்டு. முதலில் தனிமுயற்சியாக நடந்து, 2010-இல் திட்டத்தின் அங்கமானது. நிலையான வெளியீட்டுக்கு மேலே இருக்கும் டெஸ்டிங்கிலிருந்து (அடுத்த வெளியீடாகத் தயாராகும் பிரிவு) பேக்கேஜ்களை எடுத்து, நிலையான வெளியீட்டில் மறுபில்ட் செய்து வைப்பார்கள். டெபியன் 13, அதாவது டிரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானபின் புக்வோர்ம் என்ற 12 'ஓல்டுஸ்டேபிள்' (முந்தைய நிலையான வெளியீடு) ஆகிவிட்டது. ஆகவே புக்வோர்ம்-பேக்போர்ட்ஸில் வருபவை டிரிக்ஸியில் உள்ள பதிப்புகள். அதையும் தாண்டிய பதிப்புகளுக்கு 'ஸ்லாப்பி' என்ற தனிப் பிரிவு இருக்கிறது. பெயருக்கேற்ற மாதிரி அது கொஞ்சம் அசட்டையான இடம், அடுத்த வெளியீட்டுக்கு ஏறும்போது உத்தரவாதம் குறைவு.

ஒரு பேக்கேஜ் எந்தெந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று ஒரே வீச்சில் பார்க்க, டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் உள்ள 'ஆர்மாடிசன் டிமக்ஸ்' கட்டளை உதவும். பட்டியலில் புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் வரி தெரிந்தால் உங்கள் வேலை ஐந்து நிமிடம்தான்.

களஞ்சியத்தைச் சேர்க்க /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி என்ற அடைவில் ஒரு கோப்பு போதும். டைப்ஸ் என்ற வரியில் டெப். சூட்ஸ் வரியில் புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ். காம்போனன்ட்ஸ் வரியில் மெயின். முகவரியும் கையொப்பச் சாவியும் ஏற்கெனவே உள்ள டெபியன் வரியில் இருப்பதே. வைஃபை ஃபர்ம்வேர் வேண்டும் என்றால் காம்போனன்ட்ஸில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்பதையும் சேர்க்கவும். டெபியன் 12 முதல் அது தனிப் பிரிவு, பலர் மறப்பது அதைத்தான்.

சேர்த்தவுடன் எல்லா மென்பொருளும் புதியதாக மாறிவிடுமோ என்று பயம் வரும். மாறாது. ஆப்ட் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு முன்னுரிமை எண் வைத்திருக்கிறது. சாதாரணக் களஞ்சியத்துக்கு 500. பேக்போர்ட்ஸ் களஞ்சியம் தன் ரிலீஸ் கோப்பில் 'தானாக எடுக்காதே, ஆனால் எடுத்ததைத் தானாகப் புதுப்பி' என்ற பொருளில் இரண்டு வரி வைத்திருப்பதால் அதற்கு 100. 500 இருக்கும் இடத்தில் 100 தோற்கும். அதனால் நீங்கள் கேட்காத எதுவும் வராது. நீங்கள் கேட்டு நிறுவியதற்கு மட்டும் அதே களஞ்சியத்திலிருந்து புதுப்பிப்பு வரும். 'ஆப்ட் பாலிசி டிமக்ஸ்' என்று தட்டினால் இந்த எண்களைக் கண்ணால் பார்க்கலாம். புதிதாக ஆப்ட் கற்பவர்கள் மற்ற எந்தக் கட்டளைக்கும் முன்னால் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

நிறுவ இரண்டு வழி. 'ஆப்ட் இன்ஸ்டால்' என்பதோடு பேக்கேஜ் பெயரை எழுதி, சாய்கோடு போட்டு, புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் என்று சேர்ப்பது ஒன்று. அந்த ஒரு பேக்கேஜைத்தான் குறிவைக்கும். '-டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ்' என்று முன்னால் போடுவது இன்னொன்று. அந்த ஒரு முறைக்கு மட்டும் பேக்போர்ட்ஸ் முழுவதற்கும் 990 முன்னுரிமை கிடைக்கும், சார்புகளும் (அது ஓடத் தேவையான பிற பேக்கேஜ்கள்) அங்கிருந்தே வரும். டிமக்ஸ் போன்ற ஒற்றை நிரலுக்கு முதல் வழி. லிப்ரேஆபிஸ் மாதிரி ஒன்றுக்கொன்று ஒரே பதிப்பில் இருக்க வேண்டிய டஜன் கணக்கான துண்டுகள் உள்ளதற்கு இரண்டாவது வழி. டெபியன் 12-இன் லிப்ரேஆபிஸ் 7.4, 13-இல் 25.2, அந்தத் தாவலை முதல் வழியில் செய்யப் பார்த்தால் 'கோர்' ஒரு பதிப்பு, 'ரைட்டர்' ஒரு பதிப்பு என்று ஆப்ட் முட்டிக்கொண்டு நிற்கும்.

டெபியன் என்றதும் டெபியனை அடிப்படையாகக் கொண்ட வழங்கல்களையும் ஒரே கூடையில் போட வேண்டாம். சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸ், எல்எம்டிஇ, எம்எக்ஸ் எல்லாம் டெபியன் வழி வந்தவைதான். ஆனால் எந்த டெபியன் வெளியீட்டின் மேல் நிற்கின்றன என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். /இடிசி/டெபியன்_வெர்ஷன், /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் என்ற இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் களஞ்சிய வரியைச் சேர்க்க வேண்டும். உபுண்டுவில் டெபியன் பேக்போர்ட்ஸைச் சேர்ப்பது கூடவே கூடாது.

இன்னொரு குறுக்குவழியும் அடிக்கடி கண்ணில் படும்: டிரிக்ஸி களஞ்சியத்தையே நேரடியாக 12-இல் சேர்த்து ஒரு பேக்கேஜை மட்டும் இழுப்பது. அந்த ஒரு பேக்கேஜ் புதிய லிப்சி6-ஐக் கேட்கும், அது மற்றவற்றைக் கேட்கும், மாலைக்குள் பாதி 12, பாதி 13 என்று ஒரு கலவை இயங்குதளம் உட்கார்ந்திருக்கும். டெபியன்காரர்கள் இதற்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிப்சி6 மேலே போய்விட்டால் கீழே இறக்க ஒழுங்கான வழி கிடையாது.

நாமே பில்ட் செய்வது

களஞ்சியத்தில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். டிமக்ஸ் 3.5ஏ-ஐ எடுத்துக்காட்டாகவே தொடரலாம். சார்புகள் குறைவு, பில்ட் சில நிமிடங்களில் முடியும், பழக ஏற்றது.

அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் நேரடியாக பில்ட் செய்ய வேண்டாம். ஏற்கெனவே அங்கே கிடக்கும் ஏதோ ஒரு லைப்ரரியைப் பார்த்து, கேட்காத வசதியை கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இயக்கிவிடும்; பிறகு அந்தப் பேக்கேஜ் வேறு கணினியில் நிறுவ வராது. வெற்றுப் புக்வோர்ம் ஒன்று வேண்டும். பழகும்போது பாட்மேன் அல்லது டாக்கர் என்ற கண்டெய்னர் கருவியில் 'டெபியன்:புக்வோர்ம்' படிமத்தை ஓடவிட்டாலே போதும். இதையே வழக்கமான வேலையாகச் செய்கிறவர்கள் எஸ்பில்ட் அல்லது பிபில்டர் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பில்டுக்கும் துடைத்துவிட்ட சுத்தமான சூழலை அவை தாமே எழுப்பும்.

கண்டெய்னருக்குள் பில்ட்-எசென்ஷியல், டெவ்ஸ்கிரிப்ட்ஸ், ஈக்விவ்ஸ் மூன்றையும் நிறுவுங்கள். பிறகு டிரிக்ஸிக்கு ஒரு களஞ்சியக் கோப்பு, ஆனால் டைப்ஸ் வரியில் 'டெப்-சோர்ஸ்' மட்டும். கோப்பில் அது 'டெப்-எஸ்ஆர்சி' என்று சுருக்கமாக இருக்கும். 'டெப்' என்பதைத் தப்பித்தவறியும் சேர்க்காதீர்கள். மூலம் மட்டும் என்றால் டிரிக்ஸியின் பைனரி எதுவும் உள்ளே வர வாய்ப்பே இல்லை. 'ஆப்ட் அப்டேட்' கையொப்பச் சாவி இல்லை என்று முறையிட்டால் டெபியன்-ஆர்கைவ்-கீரிங் பேக்கேஜைப் புதுப்பித்துவிட்டு மறுபடி ஓட்டவும்.

'ஆப்ட் சோர்ஸ் டிமக்ஸ்' என்றால் மூன்று கோப்பு இறங்கும். 'ஒரிஜ்' என்று பெயரில் உள்ள டார் கோப்பு அப்ஸ்ட்ரீம், அதாவது டிமக்ஸை எழுதுகிறவர்கள், வெளியிட்ட மூல நிரல். 'டெபியன்' என்று பெயரில் உள்ள டார் கோப்பில் டெபியன்காரர்கள் சேர்த்த பேக்கேஜிங் விவரங்களும் ஒட்டுகளும். 'டிஎஸ்சி' கோப்பு இந்த இரண்டுக்குமான ரசீது மாதிரி, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் ஹாஷ் எண்களோடு. மூன்றும் இறங்கியதும் தானாகவே பிரிந்து ஓர் அடைவு உருவாகும், அதற்குள் போங்கள்.

அங்கே 'ஆப்ட் பில்ட்-டெப்' என்று எழுதி ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டால், டெபியன்/கண்ட்ரோல் கோப்பில் 'பில்ட்-டிபெண்ட்ஸ்' என்று எழுதியிருப்பவை எல்லாம் புக்வோர்மிலிருந்தே நிறுவப்படும். லிப்ஈவென்ட், என்கர்சஸ், பைசன் என்று கொஞ்சம்தான். இது தடையின்றி முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியாவிட்டால் என்ன என்பதைக் கீழே பார்ப்போம், கட்டுரையின் கனமான பகுதி அதுதான்.

அடுத்தது பதிப்பு எண். 'டிசிஹெச் --பிபிஓ' என்று ஓட்டினால் சேஞ்ச்லாக்கில் (மாற்றக் குறிப்பேடு) புதிய பதிவு ஒன்று உருவாகி, 3.5ஏ-3 என்பது 3.5ஏ-3~பிபிஓ12+1 ஆகும். வெளியீட்டுப் பெயர் புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் என்று விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கையால் திருத்துங்கள்.

அந்த ~ குறியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஆப்டுக்கு அடியில் பேக்கேஜை நிறுவும் டிபிகேஜியின் கணக்கில் டில்டா (~) எல்லாவற்றுக்கும் கீழே, வெறுமைக்கும் கீழே. அதனால் 3.5ஏ-3~பிபிஓ12+1 என்பது 3.5ஏ-3-ஐவிடச் சிறியது, 3.3ஏ-3-ஐவிடப் பெரியது. விளைவு: டெபியன் 12-இன் பழையதை நம்முடையது வெல்லும். நாளைக்கு 13-க்கு ஏறும்போது 13-இன் அசல் 3.5ஏ-3 நம்முடையதை வென்று அதன் இடத்தில் உட்காரும். டில்டாவுக்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டு 3.5ஏ-3+என்னுடையது1 என்று எழுதியிருந்தால், 13-க்குப் போன பிறகும் பழைய லைப்ரரிகளோடு பில்ட் ஆன நம் பேக்கேஜே உட்கார்ந்திருக்கும். மோசமான நாளில் அது பழைய லைப்ரரிப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏற்றத்தையே மறிக்கும்.

சொந்தப் பில்டுக்கு அதிகாரபூர்வ 'பிபிஓ12+1' என்ற எண்ணையே வைப்பதும் சரியல்ல. நாளைக்கு டெபியனே அதே எண்ணில் வெளியிட்டால் இரண்டும் ஒரே எண், வேறு பைனரி. வாலில் இன்னொரு டில்டா சேர்த்து 3.5ஏ-3~பிபிஓ12+1~லோக்1 என்று வைத்தால் அதிகாரபூர்வமானது வந்ததும் அதுவே முந்தும். சந்தேகம் வந்தால் 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்' என்று இரண்டு எண்களையும் நடுவில் 'எல்டி' (முதலாவது சிறியதா என்பதற்கு) போட்டுக் கேளுங்கள். கண்ணை நம்புவதைவிட அது மேல்.

இப்போது பில்ட்: 'டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் -யூஎஸ் -யூசி -பி'. முதல் இரண்டும் கையொப்பம் வேண்டாம் என்பதற்கு, மூன்றாவது பைனரி மட்டும் போதும் என்பதற்கு. முடிந்ததும் டெப் கோப்பு ஒரு படி மேலே உள்ள அடைவில் கிடைக்கும். இதே அடைவில் தேடிவிட்டுக் காணோம் என்று திகைப்பது எல்லாருக்கும் ஒருமுறை நடப்பதுதான்.

நிறுவும் முன் 'டிபிகேஜி-டெப் -ஐ' (பெரிய எழுத்து ஐ) போட்டுச் சார்பு வரியைப் படியுங்கள். லிப்சி6-க்கு எதிரே 2.36 அல்லது அதற்குக் கீழ் எண் வர வேண்டும். இந்த எண்ணை யாரும் கையால் எழுதுவதில்லை. பில்டின் கடைசியில் 'டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ்' பைனரிக்குள் பார்த்துத் தானே கணக்கிட்டு எழுதுகிறது. அங்கே 2.38 தெரிந்தால் சூழல் சுத்தமாக இல்லை என்று அர்த்தம். சரியாக இருந்தால் கோப்பைக் கணினிக்குக் கொண்டுவந்து 'ஆப்ட் இன்ஸ்டால்' என்பதோடு புள்ளி, சாய்கோடு, கோப்புப் பெயர் தந்து நிறுவலாம்.

ஒரு விதிவிலக்கு: கட்டமைப்பு (எந்த வகைச் செயலிக்கானது என்பது) 'ஆல்' என்று குறிப்பிட்ட பேக்கேஜ்களுக்குள் பைனரி இருக்காது. லோகித் தமிழ் எழுத்துரு பேக்கேஜான 'ஃபான்ட்ஸ்-லோகித்-டாம்ல்' போன்றவை வெறும் கோப்புகள். இவற்றின் சார்பு வரி புக்வோர்மில் நிறைவேறினால் மறுபில்ட் இல்லாமல் நேரடியாகவே நிறுவலாம். ஆனால் பைத்தான், பெர்ல் மாட்யூல்களும் பல 'ஆல்'தான். அவற்றின் சார்பு வரியை ஒருமுறை படித்துவிட்டே தொடுங்கள்.

எங்கே சிக்கும்

முதல் சிக்கல் எப்போதும் பில்ட் சார்பில் வரும்: ஏதோ ஒரு லைப்ரரியின் இந்தப் பதிப்பு அல்லது அதற்கு மேல் வேண்டும், புக்வோர்மில் அதற்குக் கீழ்தான் இருக்கிறது. உடனே அந்த லைப்ரரியையும் பேக்போர்ட் செய்யக் கிளம்பாதீர்கள். அந்த எண் உண்மையான தேவையா, பேக்கேஜ் பராமரிப்பாளர் முன்னெச்சரிக்கையாக எழுதியதா என்று முதலில் பாருங்கள். உண்மைத் தேவை என்றால் அப்ஸ்ட்ரீமின் கான்ஃபிகர் அல்லது மேசன் கோப்பில் (பில்டுக்கான அமைப்புக் கோப்பு) அதே எண் இருக்கும். அங்கே சிறிய எண் இருந்தால் கண்ட்ரோல் கோப்பில் எண்ணைக் குறைத்துவிட்டுப் பில்ட் செய்யலாம். குறைத்ததைச் சேஞ்ச்லாக்கில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பதிப்பைச் செய்யும்போது ஏன் மாற்றினோம் என்று நமக்கே தெரியாது.

டெப்ஹெல்பர் பழையது என்று முறையிட்டால், அதற்குப் புதியது பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பில்ட் கருவிதான், முடிந்த பேக்கேஜுக்குள் அது சார்பாகப் போய்ச் சேராது.

உண்மையிலேயே புதிய லைப்ரரி தேவை என்றால் அதையும் இதே முறையில் இறக்கலாம். ஆனால் அங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். அந்த லைப்ரரியை உங்கள் ஒரு நிரல் மட்டும் பயன்படுத்துகிறது என்றால் சரி. க்யூட்டி, ஜிலிப், ஓபன்எஸ்எஸ்எல் என்று கணினியில் பாதி மென்பொருள் சாய்ந்து நிற்கும் லைப்ரரி என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு எடிட்டர் புதியதாக வேண்டும் என்பதற்காக டெஸ்க்டாப் முழுவதையும் சோதிக்காத லைப்ரரியின் மேல் ஏற்றி வைப்பது நியாயமான பேரம் ஆகாது. அந்த நிலையில், வேண்டிய லைப்ரரிகளைத் தனியாகக் கொண்டுவரும் ஃபிளாட்பேக் நல்ல வழி. சர்வர் என்றால் கண்டெய்னர். போஸ்ட்கிரெஸ்கியூஎல் போலச் சில திட்டங்கள் டெபியனின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தாமே களஞ்சியம் நடத்துகின்றன. அப்படி இருந்தால் அதுவே மேல்.

ரஸ்ட், கோ மொழி நிரல்கள் தனித் தலைவலி. புக்வோர்மின் ரஸ்ட் கம்பைலர் 1.63, டிரிக்ஸியில் 1.85. கோ 1.19-க்கு எதிரே 1.24. அதோடு டெபியனில் ஒவ்வொரு ரஸ்ட் கிரேட்டும் கோ மாட்யூலும் (அந்த மொழிகளின் லைப்ரரிகள்) தனித்தனிப் பேக்கேஜாக இருப்பதால், ஒரு சின்னக் கட்டளைக் கருவிக்கு முப்பது நாற்பது மூலப் பேக்கேஜ் இறக்க வேண்டி வரலாம். இந்த இரண்டு மொழிகளில் எழுதியதை டெபியன் பாணியில் பேக்போர்ட் செய்ய ஆரம்பநிலையில் முயலவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அப்ஸ்ட்ரீம் தரும் தனிப் பைனரியை ஹாஷ் சரிபார்த்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடைவில் வைப்பது அழகில்லைதான், ஆனால் வேலை முடியும்.

டிரிக்ஸியிலிருந்து இறக்கும்போது மட்டும் வரும் ஒரு சிக்கலும் உண்டு. 32-பிட் கட்டமைப்புகளில் 2038-ஆம் ஆண்டுப் பிரச்சினையைத் தீர்க்க நேரத்தை 64-பிட்டாக மாற்றினார்கள். அதற்காக ஏராளமான லைப்ரரிப் பேக்கேஜ்களின் பெயரில் 'டி64' என்று வால் முளைத்தது. லிப்கர்ல்4 இப்போது லிப்கர்ல்4டி64. தானாகக் கணக்கிடப்படும் சார்புகளில் பிரச்சினை இல்லை. புக்வோர்மில் பில்ட் செய்தால் பழைய பெயரே விழும். ஆனால் கண்ட்ரோல் கோப்பில் யாராவது கையால் டி64 பெயரை எழுதியிருந்தால் பில்ட் சுத்தமாக முடிந்து, நிறுவும்போது 'அப்படி ஒரு பேக்கேஜே இல்லை' என்று வரும். வாலை வெட்டிவிட்டு மறுபில்ட் செய்யுங்கள்.

இதைவிட நுட்பமானது, பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பு. டிரிக்ஸியில் யூனிட் கோப்புகள் /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவுக்குப் போயின. புக்வோர்மின் டெப்ஹெல்பர் அவற்றை /லிப் அடியில் தேடும். பேக்கேஜின் இன்ஸ்டால் கோப்பில் புதிய பாதை நேரடியாக எழுதியிருந்தால், பில்ட் பிழையே காட்டாது, நிறுவலும் பிழை காட்டாது, சர்வீஸ் மட்டும் தானாகத் தொடங்காது. டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) பேக்கேஜ் எதைச் செய்தாலும் 'டிபிகேஜி-டெப்' கொண்டு அதைப் பிரித்து, நிறுவியபின் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட்டில் 'டெப்-சிஸ்டம்டி-ஹெல்பர்' என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பில்டின்போது சோதனைகள் தோற்றால் 'நோசெக்' போட்டுத் தாண்டிவிடும் ஆசை வரும். எந்தச் சோதனை என்று படிக்காமல் தாண்டக் கூடாது. இணையம் இல்லாததால் தோற்பதும் உண்டு, பழைய லைப்ரரியின் உண்மையான பிழையில் தோற்பதும் உண்டு. இரண்டும் ஒரே சிவப்பு நிறத்தில்தான் தெரியும்.

கெர்னல்

பேக்போர்ட்ஸைத் தேடி வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது புதிய லேப்டாப்பின் வைஃபையோ கிராஃபிக்ஸோ ஓடுவதுதான். நல்ல செய்தி: இயங்குதளத்தின் மையமான கெர்னல் எளிதில் இறங்கும். அது ஜிலிப்சியைச் சார்ந்து நிற்பதில்லை. பயனர் நிரல்களோடு பேசும் இடைமுகத்தை உடைப்பதில்லை என்பதில் கெர்னல் திட்டம் கண்டிப்பாக இருக்கிறது. புக்வோர்மின் 6.1-க்குப் பதிலாக பேக்போர்ட்ஸிலிருந்து டிரிக்ஸியின் 6.12 வரிசையை நிறுவிக்கொள்ளலாம். நிறுவும்போது லினக்ஸ்-இமேஜோடு லினக்ஸ்-ஹெட்டர்ஸும் அதே களஞ்சியத்திலிருந்து வர வேண்டும். என்விடியா போல ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் கம்பைல் ஆகும் டிரைவர் இருந்தால், ஹெட்டர்ஸ் இல்லாமல் அது பில்ட் ஆகாது, மறுதொடக்கத்தில் கறுப்புத் திரைதான். பழைய கெர்னலை நீக்காதீர்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அது இருக்கும்வரை திரும்பி வர வழி இருக்கிறது.

உபுண்டுவில் இதையே ஹெச்டபிள்யூஇ என்ற பெயரில் தயாராகக் கொடுக்கிறார்கள், 22.04 எல்டிஎஸ் 5.15-இல் தொடங்கி இந்த வழியில் 6.8 வரை வந்தது. மற்ற பேக்கேஜ்களுக்கு அங்கே 'பேக்போர்ட்பேக்கேஜ்' என்ற கருவி, மூலத்தை இறக்கி எண்ணை மாற்றி பிபிஏவுக்கு (தனிநபர் களஞ்சியம்) ஏற்றுவது வரை ஒரே கட்டளையில் செய்யும். ரெட் ஹாட், ஃபெடோரா இருக்கும் ஆர்பிஎம் உலகில் ஃபெடோராவின் எஸ்ஆர்பிஎம் (மூலப் பேக்கேஜ்) கோப்பை எடுத்து 'மாக்' கருவியில் ஈஎல்9 (ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9) சூழலுக்குள் மறுபில்ட் செய்வார்கள். அங்கே அதிகம் சிக்குவது ஃபெடோராவில் மட்டும் உள்ள புதிய மேக்ரோக்கள். அதற்கும் முன்னால் ஈபெல் என்ற கூடுதல் பேக்கேஜ் களஞ்சியத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிறுவிய பிறகு

டெபியனின் பாதுகாப்புக் குழு பேக்போர்ட்ஸைக் கவனிப்பதில்லை. அந்தந்தப் பேக்கேஜைக் கொண்டுவந்தவரே திருத்தங்களையும் கொண்டுவர வேண்டும். நீங்களே பில்ட் செய்ததற்கு அந்த ஆளும் நீங்கள்தான். டிமக்ஸில் அதனால் பெரிய ஆபத்து இல்லை. இணையத்தைப் பார்த்து நிற்கும் எஞ்சின்எக்ஸ் வெப் சர்வரையோ மெயில் சர்வரையோ சொந்தமாக இறக்கினால், அப்ஸ்ட்ரீமின் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்க்கவும், வந்த அன்றே மறுபில்ட் செய்யவும் ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழே இறங்குவதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். டெபியன் பேக்கேஜ்களின் ஸ்கிரிப்ட்கள் மேலே ஏறுவதற்காக எழுதப்பட்டவை. பதிப்பைக் குறைப்பதற்கு ஆதரவு கிடையாது. டிமக்ஸில் அதிகபட்சம் கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி ஒத்துவராது. தரவைச் சேமித்து வைக்கும் மென்பொருளில் புதிய பதிப்பு ஒருமுறை ஓடியதும் தரவின் வடிவத்தையே மாற்றியிருக்கலாம். பிறகு பழைய பேக்கேஜைத் திரும்ப நிறுவினாலும் அது தரவைத் திறக்காது. ஆகவே நிறுவும் முன் தரவுக்கு நகல், பழைய டெப் கோப்புக்கும் நகல்.

கணினியில் என்னென்ன பேக்போர்ட் இருக்கிறது என்று பார்க்க 'டிபிகேஜி -எல்' வெளியீட்டில் 'பிபிஓ' என்று கிரெப் கட்டளையால் தேடினால் போதும். பதிப்பு எண்ணை ஒழுங்காக வைத்ததற்குக் கிடைக்கும் பலன்களில் இதுவும் ஒன்று. 13-க்கு ஏறும் முன் இந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறி முடிந்த பிறகு 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளைக்கு மேற்கோளுக்குள் '~ஓ' என்று கொடுத்தால், எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் கணினியில் மட்டும் தங்கிவிட்ட பேக்கேஜ்கள் தெரியும். பழைய பட்டியலில் இருந்த பெயர் எதுவும் அதில் வந்தால், அதற்கு டில்டா விட்டுப்போயிருக்கிறதா, துணைக்கு இறக்கிய லைப்ரரி எதுவும் பின்தங்கிவிட்டதா என்று பார்த்து ஒவ்வொன்றாக நீக்குங்கள்.